வண்டி மட்டும்தான் வந்தது

என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் "பேசாம கட்டிடலாம் மார்லீன்" என்று சொன்னாரே, அந்த நிமிஷமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

கிளிஃபர்ட் என்ட்விசில் எப்பேர்ப்பட்ட ஆள் என்று வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ன்லியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது, ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்தக் காசு கேட்கிறார்கள் என்று ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் நடந்து வந்து, என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெத்தையை ஈரமாக்கிய மனுஷன் அவர். ஒரே தேயிலைப் பையில் இரண்டு கோப்பை போடுவார். விருந்தாளி வந்தால் மூன்று. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து "கட்டிடலாம்" என்று வந்தால் உள்ளே ஏதோ பெரிதாக ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று சனிக்கிழமை. அவர் பல் மருத்துவரிடம் போயிருந்ததால் தபாலை நான் எடுத்தேன். பல மாதங்களாக அவர்தான் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டிக்குக் குனிய முடியவில்லை என்ற அக்கறை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உறையைப் பிரித்தால் நார்த்தாம்ப்டனிலிருந்து நீதிமன்றத் தாள். வழக்கு. பிரதிவாதி: திருமதி மார்லீன் என்ட்விசில். அறுபத்தாறு வயது வரை ஒரு நூலகப் புத்தகத்தைக்கூடத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்காதவள் நான்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் வெள்ளை வேன் ஊருக்கு வெளியே உள்ள கடை வளாகத்தில் இரண்டு மணி நேர இலவச வரம்பைத் தாண்டி, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நின்றதாம். அந்த வளாகத்தை மேய்ப்பது ஒரு தனியார் நிறுவனம். ஆள் கிடையாது, கம்பத்தில் கேமரா. உள்ளே போகும்போது ஒரு படம், வெளியே வரும்போது ஒரு படம், நடுவில் உள்ள நேரத்துக்கு அபராதச் சீட்டு. வண்டி என் பெயரில் இருப்பதால் வழக்கும் என் பெயரில். காப்பீட்டில் பத்து பவுண்டு மிச்சம் என்று வண்டியை என் பெயரில் வாங்கியதும் இதே புண்ணியவான்தான்.

கன்னம் வீங்கி, பாதி வாய் மரத்துப்போய் வந்தவரிடம் தாளை நீட்டினேன். அப்போதுதான் அந்தக் "கட்டிடலாம்" வந்தது.

"என்னய்யா இது? வழக்கு வரைக்கும் வந்திருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாது?"

"முன்னாடி கொஞ்சம் லெட்டர் வந்துச்சு."

"எங்கே?"

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் இருந்தன. வீட்டோடு சேர்ந்த எங்கள் மீன் வறுவல் கடையின் பின்னறையில் நான் போகாத ஒரே மூலை அது. முதல் கடிதம் மரியாதையாக நூறு பவுண்டு கேட்டது. உடனே கட்டினால் அறுபது போதுமாம். பிறகு விஷயம் கடன் வசூல்காரர்கள் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் தங்கள் பங்குக்கு எழுபதைக் கூட்டிக்கொண்டு சிவப்பு மையில் எழுதத் தொடங்கினார்கள். "கடைசி எச்சரிக்கை" என்று மட்டும் மூன்று கடிதம். கடைசி என்பதற்கு அவர்கள் அகராதியில் என்ன பொருளோ!

"இதையெல்லாம் ஏன் கண்டுக்கல?"

"கிளப்ல சொன்னாங்க. இவனுங்க போலீசும் இல்லே, கவுன்சிலும் இல்லே, சும்மா பூச்சாண்டி காட்டுறானுங்க, தூக்கிக் குப்பையில போடுன்னு."

"குப்பையிலதான் போட்டீங்களா?"

"பின்னாடி வெள்ளையா இருந்துச்சு. கணக்கு எழுத ஆகும்னு வெச்சேன்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கோபத்தை நடுவில் விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

"சரி, அஞ்சு மணி நேரம் அங்கே என்ன பண்ணீங்க?"

"கீல் வாங்கப் போனேன். கதவுக் கீல்."

"எந்தக் கதவுக்கு?"

வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். எங்கள் கடையில் எந்தக் கதவும் கழன்று தொங்கவில்லை. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. "உருளைக்கிழங்கு மண்டிக்குப் போறேன்" என்று காலையில் கிளம்புவார், சாயங்காலம் திரும்புவார். உருளைக்கிழங்கைத் தடவிப் பார்த்து வாங்க இவ்வளவு நேரமா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அங்கே நின்றபடியே எல்லாத் திங்கட்கிழமைகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"வேற பொம்பளையா?" என்றேன்.

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனுஷன் முகத்தில் அதிர்ச்சி வரவில்லை. நிம்மதி வந்தது! அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா என்று யோசிப்பது கண்ணில் தெரிந்தது.

"அப்படியெல்லாம் இல்லே," என்றார், மனசே இல்லாமல்.

பக்கத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் ஹன்ஸாவிடம் போனேன். குஜராத்துக்காரி, என்னைவிட அதிகம் பர்ன்லியைத் திட்டுவாள், என்னைவிட அதிகம் நேசிப்பாள். இப்படிப்பட்ட நிறுவனங்களோடு இரண்டு முறை மல்லுக்கு நின்று இரண்டு முறையும் ஜெயித்தவள்.

"முதல் பாடம், யாரு ஓட்டினதுன்னு எந்தத் தாள்லயும் எழுதாதே," என்றாள். "நீ வண்டிக்கு உரியவ. அவ்வளவுதான். ஓட்டினவர் யாருன்னு அந்தக் கம்பெனிக்குச் சொல்ற கடமை உனக்கு இல்லே. 'நான் போனேன், அவர் போனார்'னு ஒரு வார்த்தை வரக்கூடாது. வண்டி போச்சு, வண்டி வந்துச்சு. புரியுதா?"

"வண்டி தானாவா போச்சு?"

"கோர்ட்டுக்கு அது தானாத்தான் போச்சு. ரெண்டாவது, அஞ்சு மணி நேரமும் அங்கேயே நின்னுச்சா, நடுவுல வெளிய போய்ட்டுத் திரும்ப வந்துச்சான்னு பாரு. பெரிய லாரி பின்னாலயே ஒட்டிக்கிட்டு வெளிய போனாலோ திரும்ப உள்ள வந்தாலோ கேமராவுக்கு நம்பர் தெரியாது. காலைல போனதையும் சாயங்காலம் வந்ததையும் ஒண்ணாத் தெச்சு அனுப்பிடுவான். என் மருமகனுக்கு அப்படித்தான் ஆச்சு."

வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கடிதத்தில் இருந்த இரண்டு படங்களையும் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகும் படத்தில் வேன் பளபளவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளிஃபர்ட் அதைக் குளிப்பாட்டுவார்; என் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். வெளியே வரும் படத்தில் பின்கதவு பாதி வரை சேறு. சாதாரணச் சேறு இல்லை. கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு.

தார் போட்ட தரையில் அசையாமல் நின்ற வண்டிக்கு யார் வந்து சேறு பூசினார்கள்? அந்தக் கறுப்புச் சேறு மலைமேல் மூர் என்கிற சதுப்புப் புல்வெளி நிலத்தில்தான் கிடைக்கும். அந்த வழியாகப் போகும் சாலை ஒன்றுதான். அது மலையைத் தாண்டி இறங்கினால் டாட்மர்டன். யார்க்‌ஷர் எல்லை. அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்.

நார்மன். என் வீட்டுக்காரரின் அண்ணன்.

என் மாமனார் இருந்தவரை கடை ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, அடுப்பும் ஒன்று. அண்ணன் வறுப்பார், தம்பி கிழங்கு நறுக்குவார், நான் மாவு கலப்பேன். எல்லாம் மாட்டுக் கொழுப்பில்தான் வறுபடும். தெருவில் ஹன்ஸா மாதிரிக் குடும்பங்கள் பெருகப் பெருக, எங்கள் கடை வாசலைத் தாண்டிப் போகும் பிள்ளைகள் வாசனையை உறிஞ்சிக்கொண்டே போகுமே தவிர உள்ளே வராது. எண்ணெய்க்கு மாறிவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான். கிளிஃபர்ட் தலையாட்டினார். நார்மன் மட்டும் அப்பாவின் சட்டியில் தாவர எண்ணெயா என்று குதித்தார். மாமனாரின் ஈமச் சடங்கு முடிந்து, பன்றி இறைச்சி சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள்: இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நார்மன் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பொண்டாட்டி ஊருக்குப் போய்க் கடை போட்டார். பதினோரு வருஷம் ஆகிறது. அவர் மனைவி செத்ததற்குக்கூட இவர் கல்லறையில் இருபதடி தள்ளி நின்றுவிட்டு வந்தவர்.

நான் படங்களை மேசையில் போட்டேன். "டாட்மர்டன்," என்றேன்.

கிளிஃபர்டின் வீங்காத கன்னமும் சிவந்துவிட்டது. "ஒரே ஒரு மீன்தான் சாப்பிட்டேன்."

"எங்கே?"

"அவன் கடையில."

என்னால் உட்கார முடியவில்லை. வேறு பொம்பளையாக இருந்தால்கூட ஒரு விளக்குமாற்றோடு முடித்திருப்பேன். நாற்பது வருஷமாக என் கையால் மாவு கலக்கிறேன். அந்த மாவுக்காக அடுத்த ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். இந்த மனுஷன் மலை ஏறி இறங்கி இன்னொருத்தர் கடையில் தின்கிறார்!

"ஒரு மீன் திங்க நாலு மணி நேரமா?"

"முள்ளு நிறைய இருந்துச்சு."

"சரி. ரசீது இருக்கா? வண்டி அங்கேதான் நின்னுச்சுன்னு காட்டினா கேஸ் முடிஞ்சுது."

"ரொக்கமாத்தான் குடுத்தேன். தடயம் இருக்கக் கூடாதுன்னு."

அவருடைய சாமர்த்தியம் அந்த லட்சணத்தில் இருந்தது. வண்டி அங்கே நின்றதைப் பார்த்த ஒரே மனிதர் நார்மன். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் தப்பிப்பேன். இல்லையென்றால் என் பெயரில் தீர்ப்பு.

"போய்க் கேளுங்க."

"எப்படிக் கேக்கிறது? பேசமாட்டேன்னு சத்தியம்."

"அப்ப நான் கேக்கறேன்."

"வேணாம் மார்லீன்." மனுஷன் குரல் இறங்கிவிட்டது. "கோர்ட்ல படிப்பாங்க. நம்ம கடை சன்னல்ல இவ்வளவு பெரிசா 'சுத்தத் தாவர எண்ணெய்'னு எழுதி வெச்சிருக்கு. அந்தக் கடைக்காரன் திங்கட்கிழமை திருட்டுத்தனமா மலை ஏறிப்போய்க் கொழுப்புல வறுத்ததைத் தின்னான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும். நான் கட்டிடறேன். என் பையிலருந்து கட்டிடறேன்."

"தின்னும்போது தெரியலையா? நிக்காத வண்டிக்கு ஒரு பென்னிகூடக் கட்டமாட்டேன் நான்!"

அடுத்த திங்கட்கிழமை அவர் எங்கும் போகவில்லை. நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீனுக்கு இவ்வளவு ஏக்கமா என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நான் பேசாமல் புதனன்று பஸ் ஏறினேன்.

நார்மனின் கடை சின்னது. பலகையில் "என்ட்விசில்" என்ற பெயரை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. மாட்டுக் கொழுப்பும் வினிகரும். எனக்கு இருபத்தைந்து வயது திரும்பி வந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போனேன்.

நார்மன் நிமிர்ந்து பார்த்தார். முடி கொட்டியிருந்தது. வலது தோளைத் தூக்கியே வைத்திருந்தார்.

"மார்லீனா? வழி தவறி வந்துட்டியா?"

"உங்க கையெழுத்து வேணும்."

"முதல்ல சாப்பிடு, கண்ணு. பஸ்ல வந்திருப்ப. வயித்துல ஒண்ணும் இல்லாம சண்டை போட்டா உனக்கு மயக்கம் வரும். அப்பவே அப்படித்தான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பசி. தட்டு வந்தது. மேல்தோல் பொன்னிறத்தில், ஊதி, விளிம்பில் முறுகி நின்றது. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டேன்.

நன்றாக இருந்தது. பாவி மனுஷன், அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது துண்டில் கை நின்றது. அந்த நிறம். அந்த லேசான வாசனை. எங்கள் மாவில் நான் கஸ்டர்ட் பவுடர் சேர்ப்பேன். இனிப்புக் குழம்புக்குப் போடுவார்களே, அதே மஞ்சள் பொடி. ஒரு வாளி மாவுக்கு நாலு கரண்டி. மீன் வறுவலில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாமனாருக்கே தெரியாது. நார்மனுக்கும் தெரியாது, மாவைப் பின்னறையில் தனியாகத்தான் கலப்பேன். இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் கல்யாணமான பிறகு.

ஆறு மாதமாக வீட்டில் கஸ்டர்ட் பவுடர் டப்பா சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. வயதானால் நாக்கு இனிப்புக் கேட்கும் என்று நான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"இந்த மாவை யாரு கலந்தது?" என்றேன்.

நார்மன் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

நான் எழுந்து நேராகப் பின்னறைக்குப் போனேன். மூடி போட்ட வெள்ளை வாளிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் காலி, ஒன்றில் மட்டும் அடியில் கொஞ்சம் மாவு. மாவு அலமாரியின் கதவில் புத்தம்புதுக் கீல் மின்னியது. ஒரு திருகாணி கோணலாக இருந்தது. கிளிஃபர்ட் முடுக்கும் திருகாணி எதுவும் நேராக இருந்ததில்லை.

"போன குளிர்காலத்துல பனியில வழுக்கி விழுந்தேன்," என்றார் நார்மன், கதவில் சாய்ந்துகொண்டு. "தோள் போச்சு. கலக்க முடியல. பாக்கெட் மாவு வாங்கிப் போட்டேன். ஃப்ளீட்வுட் துறைமுகத்துலருந்து மீன் கொண்டுவர்றவன் உங்க கடைக்கும் போறானே, அவன் போய் உளறியிருக்கான். அடுத்த திங்கட்கிழமை பின்கதவு திறந்துச்சு. உள்ள வந்தவன் என்னைப் பாக்கல. பாக்கெட் எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போட்டான். வாரத்துக்கான மாவை வாளி வாளியா கலந்து வெச்சான். ஒரு மீன் வறுத்துக் குடுத்தேன். தின்னான், காசை வெச்சான், போய்ட்டான்."

"பேசவே இல்லையா?"

"ரெண்டு பேருமே சத்தியம் பண்ணியிருக்கோமே கண்ணு."

"ஆறு மாசமா?"

"ஒரு தடவ தும்மினான். 'நூறாயுசு'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன்."

எனக்கு எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியவில்லை. என் ரகசியத்தைத் தூக்கிக் கொடுத்த புருஷன் ஒரு பக்கம். அதை ஆறு மாதமாக விற்றுக் காசு பார்க்கிற மைத்துனர் இன்னொரு பக்கம். அந்த மனுஷன் மலை தாண்டி வந்து தின்றது என் மாவைத்தான் என்ற சந்தோஷம் நடுவில் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன்.

"எழுதுங்க. அந்தத் தேதியில வண்டி உங்க பின்வாசல்ல எப்பலருந்து எப்ப வரைக்கும் நின்னுச்சுன்னு. ஆனா யாரு ஓட்டினதுன்னு எழுதக் கூடாது."

"ஏன்?"

"சட்டம். நான் வண்டிக்கு உரியவ, ஓட்டினவர் யாருன்னு சொல்ற கடமை எனக்கு இல்லே. வண்டி வந்துச்சு, அவ்வளவுதான்."

நார்மன் பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அவன் பேரையே எழுத வேணாமா?"

"வேணாம்."

"என் வாயாலயும் சொல்லல, கையாலயும் எழுதல. சத்தியத்துக்கும் பங்கம் இல்லே."

"இல்லே."

"நல்ல சட்டமா இருக்கே இது!"

நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுதினார். கையெழுத்துப் போட்டு, மடித்து, உறைக்குள் வைத்து நீட்டினார். மூர் நிலத்தின் மேல் பஸ் குலுங்கிக்கொண்டு ஏறும்போது பிரித்துப் படித்தேன்.

"குறிப்பிட்ட திங்கட்கிழமை பதினொன்றரை மணி முதல் மூன்று மணி வரை, வெள்ளை நிற வேன் ஒன்று என் கடையின் பின்வாசலில் நின்றது. வேனில் வந்தவர் மாவு கலந்தார். அலமாரிக்குக் கீல் மாட்டினார்; ஒன்று சின்னதாக இருந்ததால் மாற்றி வாங்க வேண்டும் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது. ஒரு மீன் சாப்பிட்டார். பேசவில்லை. இவை அனைத்தும் உண்மை."

அதற்குக் கீழே, நான் சொல்லிக் கொடுக்காத இரண்டு வரிகள் இருந்தன.

"இந்தத் திங்கட்கிழமை வேன் வரவில்லை. இருட்டும் வரை பின்கதவைப் பூட்டாமல் வைத்திருந்தேன்."

பக்கத்து சீட்டுக்காரி "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மலைக்காற்று கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பஸ்ஸில் சன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேசாமல் ஒரு புது கஸ்டர்ட் பவுடர் டப்பாவை எடுத்து அவர் டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கிளிஃபர்ட் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"பேசமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன்," என்றார். "மாவு கலக்கமாட்டேன்னு பண்ணலையே."

"என் ரகசியத்தைக் குடுத்துட்டீங்க."

"குடுக்கல. அவனை வெளிய நிக்கவெச்சுட்டுத்தான் அதைப் போடுவேன். பாக்கெட் மாவு மார்லீன்! என்ட்விசில்னு பேர் போட்ட கடையில பாக்கெட் மாவு! அதை எப்படித் தாங்கறது?"

"அண்ணன் தோள் உடைஞ்சதைத் தாங்கிட்டீங்க, மாவைத்தான் தாங்க முடியலயா?"

அவர் டீயைக் குடித்தார். காலிக் கோப்பை அது.

அடுத்த திங்களிலிருந்து வேன் மறுபடி மலை ஏறியது. ஹன்ஸா துணையோடு எதிர்வாதம் எழுதினேன். வண்டி போனது, வண்டி வந்தது, சேறு சாட்சி. கூடவே நார்மனின் தாளையும் வைத்து அனுப்பினோம். கோடை முடியும்போது இரண்டே வரியில் பதில்: வழக்கைத் திரும்பப் பெறுகிறார்களாம். காரணம் இல்லை, மன்னிப்பு இல்லை. இத்தனை சிவப்பு மை செலவழித்தவர்களிடம் மன்னிப்புக்கு மட்டும் ஒரு சொட்டு மிச்சமில்லை.

எனக்கு அது போதவில்லை. அந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து நடை கைவந்துவிட்டது, அதை வீணாக்குவானேன்? சிவப்புப் பேனா வாங்கினேன். கிளிஃபர்ட் கணக்கு எழுத வைத்திருந்த பழைய எச்சரிக்கையின் வெள்ளைப் பின்பக்கத்திலேயே எழுதினேன்.

"திரு. நார்மன் என்ட்விசில் அவர்களுக்கு. தங்கள் கடையில் எங்கள் மாவு அனுமதியின்றி நிறுத்தப்பட்டிருந்தது தெரியவந்துள்ளது. கட்டணம் நூறு பவுண்டு. பதினான்கு நாட்களுக்குள் கட்டினால் அறுபது. தவறினால் வசூல்காரர் நேரில் வருவார். அவர் விளக்குமாறு கொண்டுவரும் வழக்கம் உடையவர். மாவு கலந்தவர் யார் என்பதை உடனே தெரிவிக்கவும்."

பதில் இல்லை. "கடைசி எச்சரிக்கை" அனுப்பினேன். பிறகு இன்னொரு கடைசி எச்சரிக்கை.

ஒரு திங்கட்கிழமை காலை, கிளிஃபர்ட் கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் சன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே மருந்துக்கடைக்கு முன்னால் உள்ள இடத்தில் ஒரு பழைய பச்சைக் கார் வந்து நின்றது. போன மாதம்தான் அங்கேயும் ஒரு கம்பம் நட்டு உச்சியில் கேமரா வைத்திருக்கிறார்கள். காரிலிருந்து நார்மன் இறங்கினார். இரண்டு தோளும் சமமாக இருந்தன. வலது கையில் என் சிவப்புக் கடிதங்கள்.

கிளிஃபர்ட் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு, பாதி மாட்டிய சட்டையோடு கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்த்து அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"டேய்! அங்கே நிறுத்தாதடா, படம் புடிச்சிருவான்!"

நார்மன் தெரு நடுவில் நின்றுவிட்டார். திரும்பி காரைப் பார்த்தார், கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் காருக்கு உரியவன் மட்டும்தான்," என்றார். "நிறுத்தினவர் யாருன்னு சொல்ற கடமை எனக்குக் கிடையாது." பிறகு கையில் இருந்த தாள்களை என்னைப் பார்த்து ஆட்டினார். "இதுக்கும் அதே பதில்தான். நான் வாளிக்கு உரியவன். மாவு கலந்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. நல்லாக் கலந்தாருங்கறது மட்டும் தெரியும்."

கிளிஃபர்ட் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குச் சன்னல் வழியாகத் தெரியவில்லை. அவர் முதலில் காரைத்தான் எடுக்கச் சொன்னார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை ஹன்ஸா கடைச் சந்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விடுமுறை நாளாக இருந்தாலும் நான் அடுப்பைப் பற்றவைத்து, சுத்தத் தாவர எண்ணெயில் மூன்று மீன் போட்டேன்.

நார்மன் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "சாப்பிட்டவர் யாருன்னு சொல்லமாட்டேன். ஆனா அவருக்கு இன்னொண்ணு வேணுமாம்."